மாவு சேச்சிக்கு மறைக்கத் தெரியாது

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். "பேரு போட்டு எழுதுங்கக்கா, அப்பதான யாருன்னு தெரியும்" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் மகளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. "அம்மாவைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க பெரியம்மா, பேரு மட்டும் வேண்டாம்" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். பாருங்கள், அவள் வயிற்றில் பிறந்த பெண்ணுக்கே மறைப்பதற்கு ஒன்று இருக்கிறது. அவளுக்குத்தான் கடைசி வரை ஒன்றும் இருக்கவில்லை. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடுகிற எங்கள் சந்தில் எல்லோரும் அவளை மாவு சேச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அவர் கிடங்கில் மூட்டை தூக்கினார். இவள் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்றாள். நான் நாலு வீடு தள்ளி இருக்கிறேன், பிளவுஸ் தைப்பவள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழைக் கற்றுக்கொண்டது அப்பா வாங்கிப் போட்ட வாரப் பத்திரிகைகளிலிருந்து. அதனால் இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதென்றாலும் சரி, எனக்கு இவ்வளவுதான் வரும்.

இங்கே வழியில் யாரைப் பார்த்தாலும் "சுகமல்லே?" என்று கேட்பார்கள். "சுகம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். கேட்டவருக்கும் அதற்கு மேல் வேண்டாம். இவளுக்கு மட்டும் அந்த வழக்கம் பிடிபடவே இல்லை. யாராவது கேட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடுவாள். "சுகமில்ல சேட்டா. நேத்துலருந்து வயிறு சரியில்ல. மகளுக்குக் கணக்குல மார்க்கு கம்மி. எங்க மாமியா போன்ல ஒரே அழுக. உங்களுக்கு எப்படி?" என்று தமிழும் மலையாளமுமாகக் கொட்டுவாள். கேட்ட ஆள் முதலில் திருதிருவென்று விழிப்பார். அப்புறம்தான் வேடிக்கை, அவரும் நின்றுவிடுவார். சந்து முனையில் மீன் விற்கிறவர் யாரோடும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத மனுஷன். அவர் ஒரு நாள் தன் தங்கையின் கதையை இவளிடம் அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்னால் பூனை கூடையில் தலையை விட்டு மத்தியை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

எனக்கு இதெல்லாம் ஆகாது. எங்கள் வீட்டு வளர்ப்பு வேறு. என் அம்மா இறந்தது மார்பில் வந்த புற்றுநோயில். இவ்வளவு நேராக இதை நான் எழுதுவதே இப்போதுதான். அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மாவைப் பின்பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்தார்கள். யார் வந்து கேட்டாலும் "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லச் சொல்லியிருந்தார் அப்பா. ஊர் என்று எங்களுக்கு ஒன்று இருந்ததே இல்லை. கடைத்தெருவில் வளையல் விற்ற ஒரு அம்மாள் என் அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி. அவள் மூன்று தடவை வந்து திரும்பிப் போனாள். மூன்று தடவையும் நான்தான் வாசலில் நின்று பொய் சொன்னேன். உள்ளே அம்மாவுக்கு அவள் குரல் கேட்டிருக்கும்.

அப்படி வளர்ந்தவளுக்கு நாலு வீடு தள்ளி இப்படி ஒருத்தி வந்து வாய்த்தால் எப்படி இருக்கும்? எரிச்சலாகத்தான் இருந்தது. அவளை நல்லவள், தங்கமானவள் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. தன் விஷயத்தை மறைக்கத் தெரியாதவளுக்கு அடுத்தவர் விஷயத்தையும் மறைக்கத் தெரியாது. ஒரு தடவை கல்யாணப் பெண் ஒருத்தியின் பட்டு பிளவுஸில் கையைக் குட்டையாக வெட்டிவிட்டேன். அதே நிறத்தில் துணி தேடி வாங்கி ஒட்டுப்போட்டது தெரியாமல் தைத்தும் கொடுத்துவிட்டேன். மாவு வாங்கப் போனபோது வாய் தவறி இவளிடம் சொல்லித் தொலைத்தேன். சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் அம்மா என் வாசலில் நிற்கிறாள். "நீங்க எவ்வளவு கெட்டிக்காரின்னு சொல்லத்தான்க்கா சொன்னேன்" என்கிறாள் இவள். என்ன சொல்லித் திட்டுவது? இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"உங்க கோவம் தீர்ற வரைக்கும் இங்கயே உரிச்சிட்டு இருக்கேன். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள்.

"எந்திரிச்சுப் போடி."

"வெங்காயம் தீரட்டும்க்கா."

வெங்காயம் தீர்ந்தது, என் கோபமும் தீர்ந்தது. ஆனால் இனி இவளிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கிடங்கில் ஒரு நாள் மூட்டை அடுக்கு சரிந்து அவள் புருஷனின் இடுப்பு உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதிருப்பார்கள். இவள் மறுநாள் காலையில் வீடு வீடாகப் போனாள். "அவருக்கு இடுப்பு போயிருச்சு. இனிமே மூட்டை தூக்க முடியாதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அரிசி ஊறப்போட்டது அப்படியே கெடக்கு. யாராச்சும் ஆட்டி வைங்க, புளிச்சுப் போயிரும்." அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவளுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படியா போய்ப் போய்க் கேட்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்குப் பார்த்தால் நான்தான் அவள் வீட்டுக் கிரைண்டரில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் மீன்காரரின் மனைவி உளுந்து கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அதே வாரத்தில் நடந்தது இன்னொன்று. யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிற ஒரு காஷ்மீர்க்காரர், நரைத்த தாடி வைத்தவர், தோசைக்குப் பழகிப்போய் இவளிடம்தான் மாவு வாங்குவார். அன்றைக்கு வந்தவர் முகம் சரியில்லை. உள்ளே புருஷன் வலியில் முனகுகிறார். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிறது. இவள் அந்த மனுஷனைப் படியில் உட்கார வைத்துவிட்டாள். அவர் இந்தியிலோ வேறு எந்த மொழியிலோ சொல்லிக்கொண்டே போனார். இவள் "ஆமா", "அய்யோ", "அப்புறம்?" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருடைய அம்மா இறந்துவிட்டாள், போய்ச் சேர முடியவில்லை என்பது பிறகு வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"உனக்கு ஒரு எழுத்து புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"எனக்குப் புரியலன்னு அவருக்குத் தெரியும்க்கா. அவருக்கு வேண்டியது ஒரு ஆளு. நான் ஒரு ஆளுதான?" என்றாள். அப்புறம்தான் கஞ்சிப் பானையை இறக்கினாள்.

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் டேங்கர் லாரி வரும். விடிந்ததிலிருந்து குடங்கள் வரிசையில் இருக்கும். அங்கே நிற்கும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். மீன்காரரின் மனைவி வழக்கம்போல "சுகமல்லே?" என்று கேட்டாள். இவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல சேச்சி. எனக்கு மார்ல கட்டி. வலது பக்கம். கேன்சராம். அடுத்த வாரம் எடுத்துருவாங்களாம்" என்றாள். வரிசை முழுக்க அப்படியே நின்றுவிட்டது. லாரிக்காரன் குழாயை மூட மறந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது. நான் அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏண்டி, நடுத்தெருவுல வெச்சா இதப் பறயறது? ஒரு வெக்கம் மானம் வேண்டாமா?"

"வீட்டுக்குள்ள வெச்சுச் சொன்னா யாருக்குக்கா கேக்கும்? இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நான் போய்த் திருடியா வாங்கிட்டு வந்தேன்?" என்றாள். சிரிக்கக்கூட முயன்றாள். அப்புறம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குக்கா. ரொம்பப் பயமா இருக்கு. அதான் எல்லார்ட்டயும் சொல்றேன்."

அந்த வாரத்துக்குள் சந்திலிருந்த ஒவ்வொரு பெண்ணையும் பிடித்து எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். டாக்டர் அவளுக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். என்னிடமும் வந்தாள். "எனக்கு வேலை கிடக்கு" என்று மெஷினை வேகமாக மிதித்தேன்.

ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்தது. தலைமுடி கொட்டியது. துணி கட்டிக்கொள்ளச் சொன்னால், "இந்த வேர்வையில அது ஒரு கேடா" என்று மொட்டைத் தலையோடு வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு எவர்சில்வர் தூக்கு. மாவு வாங்க வருகிறவர்கள் அளந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களை நானும் பார்த்தேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். "எப்படி இருக்கே" என்று ஆரம்பிப்பார்கள். அவள் நாலு வரியில் தன் கதையை முடித்துவிட்டு, "நீ சொல்லு" என்பாள். அவ்வளவுதான். மருமகள் பேசுவதில்லை, மகனுக்குக் குடி, வீட்டுக்காரர் கை நீட்டுகிறார் என்று அவர்கள் பாட்டுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் இவள் கையைக் காட்டி நிறுத்துவாள், தூக்கில் வாந்தி எடுப்பாள், வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், கை நீட்டுனாரு, அப்புறம்?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகக் கிடக்கிறவளிடம் போய் ஒப்பாரி வைக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் இருதயம் இருக்கிறதா என்று ஒரு நாள் இரண்டு பேரை விரட்டியே விட்டேன்.

அவளுக்கு அன்றைக்கு என்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். "அவங்கள ஏன்க்கா வெரட்டுனீங்க? எல்லாரும் என்னை நோயாளியாவே பாத்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். அவங்க கஷ்டத்தச் சொல்லும்போதுதான் நானும் இந்தச் சந்துல இருக்கேன்னு தெரியுது" என்றாள். நான் தூக்கை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

ஆபரேஷனுக்கு அப்புறம் தன் பழைய பிளவுஸ் ஆறையும் கொண்டு வந்தாள். வலது பக்கம் இப்போது தட்டையாக இருந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தருகிறேன், வெளியே தெரியாது என்றேன். "இல்லாதத இருக்குன்னு காட்டி யார ஏமாத்தணும்? நேராப் பிடிச்சுக் குடுங்க" என்றாள். மார்பின் வளைவுக்காகத் துணியில் பிடிக்கிற மடிப்புக்கு எங்கள் தொழிலில் டாட் என்போம். வலது பக்கத்து டாட்டைப் பிரித்து நேராக்கி ஆறையும் தைத்துக் கொடுத்தேன். ஆறும் அச்சாகப் பொருந்தின.

ஏழாவது புதுசு. ஓணத்துக்கு மகள் எடுத்துக் கொடுத்த பச்சைத் துணி. வந்து என் தையல் அறைத் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இடது பக்கம் இறுக்கிப் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. வலது பக்கம் காலியாகத் தொங்குகிறது. நான் தட்டையாக வெட்டியிருந்தது இடது பக்கத்தை.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அக்கா, இதுவும் போகணும்ங்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது.

"ஆறு ஜாக்கெட் சரியாத் தச்சீங்க. முப்பது வருசமாத் தைக்கிறீங்க. இப்ப எப்படிக்கா?"

"கண்ணு சரியில்ல. பிரிச்சுத் தர்றேன், கழட்டு."

அவள் கழற்றவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இடது பக்கமா?"

"போடி, உளறாதே" என்றேன். தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் அதை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

நாலு மாதமாக இருந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, ஒரு சுண்டைக்காய் அளவு. அன்றிலிருந்து நான் குளிக்கும்போது அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவதில்லை. என் வீட்டுக்காரர் இறந்து பல வருஷமாயிற்று. ஒரே மகன், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, குடியிருப்பதும் அங்கேயே. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். குழந்தை பிறக்கட்டும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். குழந்தை பிறந்த பிறகும் வேறொரு சாக்குக் கிடைத்திருக்கும். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இராப்பகலாக மனசு இடது பக்கத்திலேயே கிடந்ததில் அவளுக்கு வெட்டுவதாக நினைத்துக்கொண்டு எனக்கு வெட்டியிருக்கிறேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அவள் ஒரு கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"நான் பாக்கட்டுமா?" என்றாள்.

அம்மா போனபிறகு என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. அவள் விரல் நகமெல்லாம் மருந்தில் கறுத்துப்போயிருந்தது. நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கு. நாளைக்குக் காலைல போறோம்" என்றாள்.

"நாளன்னைக்கு உனக்குக் கடைசிக் கீமோ."

"அது நாளன்னைக்குத்தான?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். அவள் யோசித்தாள். மகனிடம் நானே சொல்வதாக இருந்தால், தான் யாரிடமும் சொல்வதில்லை என்றாள். சரி என்றேன். நான் சொல்லவில்லை. அவள் சொன்னபடி இருந்தாள். கட்டியில் ஊசி போட்டு எடுத்ததற்கு ரிசல்ட் வர பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்! தண்ணீர் வரிசையில் யாராவது என்னைப் பற்றிப் பேச்சை எடுத்தால் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் திரும்பிவிடுவாள். "வயிறு உப்பிக்கிட்டு இருக்குக்கா, சீக்கிரம் உங்க மகன்கிட்ட சொல்லித் தொலைங்க" என்று தினமும் வந்து திட்டுவாள்.

படகில் போகிற அக்கரை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது அவளிடம்தான் முதன்முதலாக என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பின்பக்கத்து அறை, வாசலில் நான் சொன்ன பொய், எல்லாம். அழாமல்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள், "அந்த வளையல்கார அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "பாவம், அவங்களுக்கு அழக்கூட விடல" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன்.

ரிசல்ட் வாங்கப் போன நாளில்தான் அவளுக்கும் கீமோ முடிந்து எடுத்த முதல் ஸ்கேனுக்கு ரிசல்ட். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டால் போதும், பயப்பட ஒன்றும் இல்லை என்றாள் லேடி டாக்டர். வெளியே வந்ததும் மாவு சேச்சி என்னை அந்த வராந்தாவிலேயே கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அவள் இருந்த இருப்புக்கு ஒரு குடத்தைத் தூக்க முடியாது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும், "எங்கக்காவுக்கு ஒண்ணுமில்லையாம்!" என்று அறிவித்தாள். அப்புறம் அவளைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. வாங்க, சாயா குடிப்போம்" என்றாள்.

படகுத்துறைக்குப் பக்கத்துக் கடையில் சாயாவும் பழம்பொரியும் வாங்கினோம். அவளுக்கு வாயெல்லாம் புண், அதனால் ஊதி ஊதிக் குடித்தாள். தன் பழம்பொரியையும் என் பக்கம் தள்ளினாள். நான் இரண்டையும் தின்றேன். நாலு மாதமாக எதுவும் ருசிக்காத நாக்குக்கு அன்றைக்கு அந்தப் பழம்பொரி அவ்வளவு ருசியாக இருந்தது. பேரக்குழந்தைக்குச் சட்டை தைப்பதைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஃபோர்ட் கொச்சிப் படகில் ஏறி உட்கார்ந்தோம். நல்ல கூட்டம். வெலிங்டன் தீவைத் தாண்டும்போது அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். உங்க சந்தோசம் ஒரு சாயா குடிக்கிற நேரமாச்சும் இருக்கட்டும்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்கு மேல என்னால முடியல."

"என்னடி?"

"எனக்கு மறுபடி வந்திருக்கு. எலும்புல. இந்தத் தடவ போகாதாம்."

படகின் இன்ஜின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"பாவி, அதை மொதல்லயே சொல்ல மாட்டியா? நான் அங்க உக்காந்து தின்னுட்டிருக்கேனே!"

"தின்னா என்னக்கா? உங்களுக்கு வந்தது நல்ல சேதி. எனக்கு வந்தது வேற சேதி. ஒரே நாள்ல வந்துருச்சு, அவ்வளவுதான். இதுக்காக அத விட்றாதீங்க. நான் அங்க சந்தோசப்பட்டது பொய்யில்ல."

நான் வாய்விட்டு அழுதேன். புடவையால் பொத்தியும் நிற்கவில்லை. படகு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதிர் பெஞ்சில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, "எந்தா சேச்சி, எந்து பற்றி?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்ட அவளுக்கு மாவு சேச்சிதான் பதில் சொன்னாள், எனக்கு வெட்கமாக இருக்குமே என்று பார்த்து.

"ஒண்ணுமில்ல சேச்சி. இவங்களுக்கு ஆஸ்பத்திரில நல்ல ரிசல்ட்டு வந்திருக்கு. அந்தச் சந்தோசத்துல அழுவுறாங்க."

அந்த அம்மாள் முகம் மலர்ந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவர்களும் நன்றாயிருக்கட்டும் என்பதுபோல் தலையாட்டினார்கள். எனக்கு வந்ததே கோபம். ஊர்பேர் தெரியாத அத்தனை பேருக்கும் முன்னால் கண்ணைக்கூடத் துடைக்காமல் மலையாளத்தில் சொன்னேன். நல்ல சேதி எனக்கு. இவளுக்கு மறுபடி வந்திருக்கிறது, எலும்பில், இனிமேல் தீராதாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் எங்கள் கூட வந்து இரு சேச்சி என்றேன்.

அந்த அம்மாள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்து மாவு சேச்சிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எப்போது தெரிந்தது, எங்கே ஆபரேஷன், என்ன மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். மாவு சேச்சி என் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி வந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"ஆறு இல்லக்கா, எட்டு கீமோ. சரியாச் சொல்லுங்க" என்றாள்.

திருத்திச் சொன்னேன்.